பெட்டி எங்கே? வழிதவறிய ஒரு துப்பின் கதை



கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை. சுங்கை பெசாருக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டம். நிர்வாகியிடம் அனுமதி பெற்று, அறிவியல் கழக மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். முந்தைய நாள் மாலையே நான் தனியாகப் போய், ஒரு செம்பனை மரத்தடியில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். அதற்குள் ஒரு குறிப்பேடும் பென்சிலும் ரப்பர் முத்திரையும் இருந்தன. மாணவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவிடமும் ஒரு திசைகாட்டியையும் ஒரு துண்டுத் தாளையும் கொடுத்தேன். தாளில் இருந்த துப்பு இதுதான்:

"வாய்க்கால் பாலத்தில் நில். 70 பாகை திசையைப் பார். நேராக 200 அடி நட. எதிரே நிற்கும் மரத்தடியில் தேடு."

மிக எளிய துப்பு என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து நான்கு குழுக்களும் வெறுங்கையோடு திரும்பின. ஒரு குழு பாலத்துக்குப் பக்கத்திலேயே தேடியிருந்தது. இன்னொரு குழு வெகுதூரம் தாண்டிப் போயிருந்தது. கடைசியில் டப்பாவை எடுக்க நானே போனேன். எல்லா மரங்களும் ஒன்றுபோலவே இருந்தன. மூன்று மரத்தடியைத் தேடிய பிறகுதான் எனக்கே அது கிடைத்தது!

மாணவர்கள் கவனக்குறைவாக நடந்தார்களா? இல்லை. அவர்கள் துப்பில் உள்ளபடியே செய்தார்கள். பிழை என் துப்பில் இருந்தது. அடுத்த வாரம் முழுவதும் அந்தப் பிழைகளைத்தான் தேடினோம். பெட்டியைத் தேடியதைவிட அதில் அதிகம் கற்றுக்கொண்டோம். அதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்ற பரந்த மேட்டுநிலம் உண்டு. பாறையும் புல்லும் சேறும் நிறைந்த இடம். 1854 இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே நடந்து செல்வதற்குக் கடினமான கிரான்மியர் என்ற இடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுச் சென்றார்கள். பின்னாளில் சிலர் கடிதங்களையும் அங்கே வைத்தார்கள். அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய் அஞ்சலில் சேர்ப்பார். இப்படித்தான் 'கடிதப்பெட்டி' என்ற பெயர் வந்தது. இன்று டார்ட்மூரில் மறைத்து வைக்கப்பட்ட பெட்டிகள் ஏராளம். துப்பைப் படித்துப் பெட்டியைக் கண்டுபிடிப்பவர், அதிலுள்ள முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொள்வார். தம்முடைய முத்திரையைப் பெட்டியிலுள்ள ஏட்டில் பதித்துவிட்டு, பெட்டியை அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுவார்.

துப்பைப் பின்தொடரும் விளையாட்டுக்கு நம் நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. 1938 இல் கோலாலம்பூரில் சில வெள்ளைக்காரர்கள் 'ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்' என்ற ஓட்டக் குழுவைத் தொடங்கினார்கள். ஒருவர் 'முயல்' ஆவார். அவர் ரப்பர் தோட்டங்கள், புதர்கள் வழியாகக் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே முன்னால் ஓடுவார். மற்றவர்கள் 'வேட்டைநாய்கள்'. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே துரத்துவார்கள். முயல் வேண்டுமென்றே பொய்த்தடங்களையும் போடுவார். கோலாலம்பூரில் பிறந்த அந்த விளையாட்டு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அது நிறுத்தப்பட்டதும் ஜிபிஎஸ் கருவிகளின் துல்லியம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடியது. அதைச் சோதித்துப் பார்க்க, மே 3 ஆம் தேதி டேவ் அல்மர் என்ற அமெரிக்கர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அந்த இடத்தின் எண்களை மட்டும் இணையத்தில் வெளியிட்டார். சில நாள்களுக்குள் மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். புதிதாக ஒரு பெட்டி விளையாட்டு பிறந்தது.

புட்டி, காகிதம், ஜிபிஎஸ் எண். மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான். ஒருவர் ஓர் இடத்தை அளந்து எழுதுகிறார். முன்பின் அறியாத இன்னொருவர் அந்த எழுத்தை மட்டும் வைத்து அதே இடத்துக்கு வர வேண்டும். துப்பு என்பது ஓர் அளவீடு. எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. இனி என் துப்பில் இருந்த பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பிழை: எந்த 'அடி'?

பாலத்துக்கு அருகிலேயே தேடிய குழுவிடம் காரணம் கேட்டேன். "200 அடின்னுதானே டீச்சர் போட்டிருந்தீங்க? 61 மீட்டர். அளவு நாடா வைத்து அளந்தோம்," என்றார்கள்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாகவும் இருந்தது. தமிழில் 'அடி' என்றால் காலடியும் ஆகும்; 12 அங்குலம் கொண்ட அளவும் ஆகும். நான் எண்ணியது காலடியை. அவர்கள் புரிந்துகொண்டது அளவை. 200 அடி என்பது 60.96 மீட்டர். அவர்களுடைய கணக்கு சரிதான். அலகைத் தெளிவாகச் சொல்லாதது என் தவறு. அறிவியல் தேர்வில் அலகு எழுதாவிட்டால் நாங்கள் மதிப்பெண் குறைக்கிறோம் அல்லவா? அன்று எனக்கு நானே குறைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பிழை: யாருடைய கால்?

மற்ற மூன்று குழுக்களும் காலடி என்றே புரிந்துகொண்டன. ஆனால் யாருடைய காலடி? பள்ளித் திடலில் 50 மீட்டரை அளந்து, எல்லாரையும் நடக்கச் சொல்லி எண்ணினோம். என்னுடைய ஒரு காலடி சராசரியாக 65 சென்டிமீட்டர். ஐந்தாம் படிவ மாணவர் ஒருவருக்கு 75. முதல் படிவ மாணவி ஒருவருக்கு 55.

இப்போது 200 ஆல் பெருக்குங்கள். நான் நடந்தது 130 மீட்டர். உயரமான மாணவர் நடந்தது 150 மீட்டர். சிறிய மாணவி நடந்தது 110 மீட்டர். இருவருக்கும் இடையில் 40 மீட்டர் வேறுபாடு! செம்பனைகளை வழக்கமாக ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஆகவே 40 மீட்டரில் நான்கு மரங்களுக்கு மேல் நின்றுவிடும்.

ஒரு காலடியில் 10 சென்டிமீட்டர் வேறுபாடு என்பது கண்ணுக்கே தெரியாது. 200 முறை கூடும்போது அது 20 மீட்டர் ஆகிவிடுகிறது. சிறு பிழை ஒவ்வொரு படியிலும் ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போவதைத்தான் முறையான பிழை என்கிறோம். பல முறை நடந்து சராசரி எடுத்தாலும் அது மறையாது. அளவுகோலையே திருத்த வேண்டும். அதாவது, காலடியை மீட்டராக மாற்றி எழுத வேண்டும். நடப்பவரும் தம் காலடியின் நீளத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் பிழை: திசைகாட்டியை ஏமாற்றியது யார்?

இது கண்டுபிடிக்கக் கடினமாக இருந்தது. மாணவர்களிடம் இருந்தவை சாதாரண ஊசித் திசைகாட்டிகள். முந்தைய நாள் நான் 70 பாகையை என் கைப்பேசியில் பார்த்து எழுதியிருந்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். எண்கள் ஒத்துப்போகவில்லை. கைப்பேசியை இன்னும் அருகே கொண்டுபோனதும் ஊசித் திசைகாட்டியின் முள்ளே திரும்பியது! அப்போதுதான் புரிந்தது. என் கைப்பேசியின் மடிப்பு உறையை மூடிவைக்க அதில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது.

கைப்பேசியிலும் காந்தப்புலத்தை உணரும் உணரி ஒன்று இருக்கிறது. அது பூமியின் காந்தப்புலத்தை அளந்து வடக்கைக் காட்டுகிறது. பூமியின் காந்தப்புலம் மிகவும் வலுக்குறைந்தது. அருகிலுள்ள ஒரு சிறு காந்தமோ இரும்புத் துண்டோ அதை எளிதில் மிஞ்சிவிடும். உறையைக் கழற்றிப் பார்த்தபோது அளவு 10 பாகை மாறியது.

10 பாகை பெரிதா? கணிதத்தில் கற்ற டான்ஜெண்டைப் பயன்படுத்துங்கள். விலகும் தூரம் = நடந்த தூரம் × டான் (பிழைக் கோணம்). 100 மீட்டர் நடந்தால், 1 பாகைப் பிழைக்கு 1.75 மீட்டர் விலகுவோம். 5 பாகைக்கு 8.7 மீட்டர். 10 பாகைக்கு 17.6 மீட்டர். 130 மீட்டர் நடந்தால் 10 பாகைக்கு ஏறக்குறைய 23 மீட்டர்.

5 பாகைக்கான விலகலை மீண்டும் பாருங்கள். 8.7 மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு செம்பனை இடைவெளி. திசைகாட்டியைக் கையில் பிடித்து நடக்கும்போது 5 பாகைப் பிழை வருவது மிகச் சாதாரணம். ஆக, எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், 100 மீட்டர் நடந்ததும் நீங்கள் பக்கத்து மரத்தின் முன்னால் நிற்கக்கூடும்.

இன்னொரு செய்தி. காந்த ஊசி காட்டும் வடக்கும் வரைபடத்திலுள்ள உண்மை வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் இடத்துக்கு இடம் மாறும். நியூசிலாந்தின் வெல்லிங்டன் நகரில் அது 20 பாகைக்கும் மேல். நம் சிலாங்கூரில் 1 பாகைக்கும் குறைவு. இந்த ஒரு பிழையைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம்.

நிழலை நம்பலாமா?

"திசைகாட்டியே வேண்டாம் டீச்சர். மதியம் 12 மணிக்கு நிழல் விழும் பக்கம் நட என்று எழுதலாமே?" என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

ஒன்று, நம் கடிகாரத்தில் 12 மணி என்பது உச்சிப்பொழுது அல்ல. 1982 முதல் தீபகற்ப மலேசியா, கிழக்குத் தீர்க்கரேகை 120 பாகைக்குரிய நேரத்தைப் பின்பற்றுகிறது. சுங்கை பெசார் இருப்பது ஏறக்குறைய 101 பாகையில். பூமி 1 பாகை சுழல 4 நிமிடம் ஆகும். 19 பாகைக்கு 76 நிமிடம். ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது மணி சராசரியாக 1.16 ஆகிவிடும். ஆண்டின் வெவ்வேறு காலங்களில் அது 1.00 மணியிலிருந்து 1.30 மணி வரை முன்பின்னாக மாறும்.

இரண்டு, நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 4 பாகைக்குள் வாழ்கிறோம். மார்ச் மாத இறுதியிலும் செப்டம்பர் நடுப்பகுதியிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த நாள்களில் உச்சிப்பொழுதில் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில், அதாவது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, உச்சி நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஜனவரியில் எழுதிய துப்பு ஜூன் மாதத்தில் நேர் எதிர்த் திசையைக் காட்டும்! நிழல் பொய் சொல்வதில்லை. நாம்தான் தேதியையும் நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

கைப்பேசியின் ஜிபிஎஸ் போதாதா?

கைப்பேசி ஓர் இடத்தைப் பாகையில், தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள் வரை காட்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகே 1 பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஆகவே நான்காவது தசம இலக்கம் 11 மீட்டரைக் குறிக்கும். ஐந்தாவது இலக்கம் 1.1 மீட்டர். ஆறாவது இலக்கம் 11 சென்டிமீட்டர்.

அப்படியானால் கைப்பேசி 11 சென்டிமீட்டர் துல்லியமாகக் காட்டுகிறதா? இல்லை. திறந்த வெளியில் கைப்பேசி ஜிபிஎஸ்ஸின் பிழை பொதுவாக 5 மீட்டர் அளவில் இருக்கும். அடர்ந்த மட்டைகளுக்குக் கீழே சமிக்ஞை தடைபடுவதால் அது இன்னும் கூடும். திரையில் எத்தனை இலக்கங்கள் தெரிகின்றன என்பது வேறு; அவற்றில் எத்தனை நம்பத்தக்கவை என்பது வேறு. கணிப்பான் காட்டும் எல்லா இலக்கங்களையும் விடையில் எழுதக்கூடாது என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

தாத்தா சொன்ன கணக்கு

பிழைகளை எல்லாம் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, வகுப்பில் அதிகம் பேசாத ஓர் இரண்டாம் படிவ மாணவர் கையை உயர்த்தினார்.

"டீச்சர், என் தாத்தாகிட்ட சொன்னேன். தோட்டத்தில் பால் வெட்டியவர். பிறகு செம்பனைக் குலையும் வெட்டினார். விடியற்காலை இருட்டுலயே தலை விளக்கு மாட்டிக்கிட்டுப் போவாராம். 'எல்லா மரமும் ஒரே மாதிரி இருந்தா எதுக்கு அளக்கணும்? நிரையை எண்ணு, மரத்தை எண்ணு'ன்னு சிரிச்சாரு."

வகுப்பு அமைதியானது. நானும்தான்.

யோசித்துப் பாருங்கள். நீளத்தை அளந்தால் பிழை வரும். கோணத்தை அளந்தால் பிழை வரும். ஆனால் எண்ணுவது வேறு. 14 மரங்கள் என்றால் 14 மரங்கள்தான். 13.8 மரம் என்று ஒன்று கிடையாது. உயரமானவர் எண்ணினாலும் குள்ளமானவர் எண்ணினாலும், கவனமாக எண்ணினால் விடை மாறாது. காந்தமும் வெயிலும் அதைப் பாதிக்கா. எல்லா மரங்களும் ஒன்றுபோல இருப்பதை நான் ஒரு தொல்லையாக நினைத்தேன். அந்தப் பெரியவர் அதையே அளவுகோலாக்கிவிட்டார். சம இடைவெளியில் நட்ட நிரைகள், நிலத்தின் மேல் விரித்த வரைபடத் தாள் போன்றவை. நிரை எண் ஓர் அச்சு. மர எண் இன்னோர் அச்சு. கணிதத்தில் நீங்கள் குறிக்கும் ஆயத்தொலைவு இதுதான்.

எண்ணுவதிலும் ஒரே ஒரு பொறி உண்டு. இடையில் ஒரு மரம் பட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? அந்த வெற்றிடத்தையும் ஒன்றாக எண்ணுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பிழையைத் துடைத்துவிடும் இடங்கள்

புதிய துப்பை எல்லாரும் சேர்ந்து எழுதினோம்:

"1. பாலத்திலிருந்து, வாய்க்காலை உன் இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டாவது மதகு வரை போ.

2. மதகுக்கு எதிரே தொடங்குவது முதல் நிரை. அங்கிருந்து தொடர்ந்து நடந்து ஆறாவது நிரைக்குப் போ.

3. அந்த நிரையில், வாய்க்கால் பக்கமிருந்து 14ஆவது மரம். வெற்றிடத்தையும் எண்ணு.

4. தோட்டச் சாலை வந்துவிட்டால் தாண்டிவிட்டாய். சாலைப் பக்கமிருந்து எண்ணினால் அது 3ஆவது மரம்."

அடுத்த சனிக்கிழமை நான்கு குழுக்களும் பெட்டியைக் கண்டுபிடித்தன. கடைசியாக வந்த குழுவுக்கும் 20 நிமிடம்தான் ஆனது.

இந்தத் துப்பில் என்ன சிறப்பு? முதல் வரியில் வாய்க்கால், மாடிப்படியின் கைப்பிடிபோல உதவுகிறது. அதை ஒட்டி நடந்தால் திசைகாட்டியே தேவையில்லை. மதகை அடைந்ததும், அதுவரை ஏற்பட்ட பிழை எல்லாம் துடைக்கப்படுகிறது. ஏனென்றால் நாம் மதகுக்கு 'அருகில்' இல்லை, மதகிலேயே நிற்கிறோம். 300 மீட்டரை ஒரே மூச்சில் 5 பாகைப் பிழையோடு நடந்தால் 26 மீட்டர் விலகுவோம். அதையே 100 மீட்டருக்கு ஓர் அடையாளம் என்று மூன்றாகப் பிரித்தால், எந்த இடத்திலும் விலகல் 8.7 மீட்டரைத் தாண்டாது. ஒவ்வோர் அடையாளத்திலும் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும்.

நான்காவது வரி இன்னும் முக்கியமானது. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. தவறுதலாகத் தாண்டிப் போனவரைச் சாலை தடுத்து நிறுத்துகிறது. அதோடு, எதிர்ப்பக்கமிருந்து எண்ணி விடையைச் சரிபார்க்கவும் உதவுகிறது. இரு பக்கமும் ஒரே மரத்துக்கு வந்தால் நம்பலாம்.

பெரிய நில அளவையாளர்களும் இதையே செய்தார்கள். 1802 இல் வில்லியம் லாம்டன், சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். வெயிலில் இரும்புச் சங்கிலி நீளும். அதனால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு திருத்தம் செய்தார்கள். அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றின் கோணத்தைப் பார்த்து, முக்கோணக் கணக்கால் அதன் இடத்தை அறிந்தார்கள். இப்படியே முக்கோணத்தின் மேல் முக்கோணமாகச் சென்றபின், வேறோர் இடத்தில் இன்னோர் அடிக்கோட்டை நேரடியாக அளந்தார்கள். கணக்கிட்ட நீளமும் அளந்த நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். சாலைப் பக்கமிருந்து மரத்தை எண்ணிப் பார்ப்பதும் இதுவும் ஒரே சிந்தனைதான்.

பெட்டியிலும் அறிவியல் உண்டு

பெட்டி வைப்பவர் கவனிக்க வேண்டியவை சில.

மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். திறந்து கிடக்கும் டப்பாவில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள்கள் போதும். ஒரு விளையாட்டுப் பெட்டி டிங்கிக் காய்ச்சலுக்குக் காரணமாகிவிடக்கூடாது. வாரம் ஒருமுறை சோதியுங்கள். விளையாட்டு முடிந்ததும் பெட்டியை எடுத்துவிடுங்கள்.

மைப் பேனாவைவிடப் பென்சில் நல்லது. பல மைகள் நீரில் கரைந்து பரவும். பென்சிலில் உள்ள கிராஃபைட் கரையாது. மூடிய பெட்டிக்குள்ளும் ஈரம் சேரும். பகலில் அடைபட்ட ஈரக்காற்று இரவில் குளிரும்போது நீர்த்துளியாகப் படியும். புதுக் காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

முத்திரையை அழிப்பானில் நீங்களே செதுக்கலாம். எழுத்துகளை இடவலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல. 'ப' என்ற எழுத்தைத் திருப்பினாலும் பெரிதாக மாறாது. 'க' என்னாகும்? செதுக்கிப் பாருங்கள்.

உணவுப்பொருள் எதையும் உள்ளே வைக்காதீர்கள். குரங்குகள் பெட்டியை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும்! வெளியே 'அறிவியல் கழக விளையாட்டுப் பெட்டி' என்று மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைக் கண்டு யாரும் அஞ்சக்கூடாது. செம்பனைத் தோட்டத்தில் வெட்டிக் குவித்த மட்டைகளுக்குள் ஒருபோதும் கைவிடாதீர்கள். எலிகள் அங்கே தங்கும். எலிகளைத் தேடிப் பாம்புகளும் வரும். நிர்வாகியின் அனுமதியும் பெரியவர் துணையும் இல்லாமல் தோட்டத்துக்குள் போகவே கூடாது.

கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குச் சென்றிருக்கிறீர்களா? மெலாவத்தி குன்றின் அடிவாரத்தில், நடைபாதைகளும் பறவை பார்க்கும் கோபுரங்களும் சதுப்புநிலக் காடும் கொண்ட இடம். அங்கே எந்தப் பொருளையும் விட்டுவர வேண்டாம். பெட்டியே இல்லாமல் விளையாடலாம். ஏற்கெனவே அங்குள்ள பலகை, பாலம், கோபுரம் ஆகியவற்றை அடையாளமாக வைத்துத் துப்பு எழுதுங்கள். விடையாக ஒரு சொல்லையோ எண்ணையோ கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். ஆனால் "ஆரஞ்சு நிறக் குரங்குக்குட்டி இருக்கும் மரம்" என்று எழுதிவிடாதீர்கள். அங்குள்ள வெள்ளிநிற இலைக்குரங்குகளின் குட்டிகள் பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் நிறம் மாறிவிடும். குரங்கும் மரம் மாறிவிடும். "நீர் விளிம்பிலிருந்து பத்து மீட்டர்" என்றும் எழுத முடியாது. மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். துப்பில் எழுதும் அடையாளம், தேடுபவர் வரும்வரை மாறாமல் இருக்க வேண்டும்.

முயன்று பாருங்கள்

1. பள்ளித் திடலில் 50 மீட்டரை அளவு நாடாவால் அளந்து, இயல்பாக மூன்று முறை நடந்து காலடிகளை எண்ணுங்கள். சராசரி எடுத்து, உங்கள் ஒரு காலடியின் நீளத்தைக் கணக்கிடுங்கள். அந்த எண்ணை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

2. ஒரு திசைகாட்டியை மேசைமேல் வையுங்கள். கைப்பேசி, இரும்புக் கணிதப் பெட்டி, கத்தரிக்கோல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அருகே கொண்டு வாருங்கள். எந்தத் தொலைவில் முள் அசையத் தொடங்குகிறது என்பதை அட்டவணையிடுங்கள்.

3. பள்ளி வளாகத்துக்குள் ஒரு பெட்டியை மறைத்து, துப்பு எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த நண்பரிடம் கொடுக்க வேண்டாம். வேறு வகுப்பு மாணவரிடம் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார் என்று மட்டும் தூர நின்று பாருங்கள். தயங்கிய இடத்தில்தான் உங்கள் பிழை இருக்கிறது.

4. எங்கள் புதிய துப்பில், பெட்டி இருந்த மரம் வாய்க்கால் பக்கமிருந்து 14ஆவது. சாலைப் பக்கமிருந்து 3ஆவது. அந்த நிரையில் வெற்றிடங்களையும் சேர்த்து மொத்தம் எத்தனை? 17 என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அந்த ஒரு மரத்தை இருமுறை எண்ணிவிட்டீர்கள். சரியான விடை 16.

பெட்டி கிடைத்த நாளன்று அதிலிருந்த குறிப்பேட்டில் எல்லா மாணவர்களும் பெயர் எழுதினார்கள். அந்த இரண்டாம் படிவ மாணவர் கடைசியாக எழுதினார். தம் பெயருக்கு மேலே தாத்தாவின் பெயரை எழுதியிருந்தார். அந்தக் குறிப்பேடு இப்போது எங்கள் அறிவியல் கூடத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் நிரை எண்ணியவர், வயல் அளந்தவர், கடலில் திசை பார்த்தவர் யாராவது இருப்பார்கள். அவர் எப்படி இடம் கண்டுபிடித்தார் என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்ட பிறகு உங்கள் முதல் துப்பை எழுதுங்கள்.